வாசகர் கேள்வி – பதில்: கோலாலம்பூரின் ஐம்பது ரிங்கிட் பயணப் பாஸ் யாருக்குக் கட்டுப்படியாகும்?

கேள்வி: மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை. பி40 குடும்பம் (வருமானத்தில் கீழ்த்தட்டு 40 விழுக்காடு), அரசின் எஸ்டிஆர் உதவிப் பணமும் வருகிறது. அதைக் காட்டினால் எல்ஆர்டி நகர ரயில் கட்டணத்தைக் குறைப்பார்களா?
— வாசகி, பூச்சோங்

பதில்: குறைக்க மாட்டார்கள். கோலாலம்பூரில் ரேப்பிட் கேஎல் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் சலுகை என்றால் வயது, உடற்குறை, படிப்பு, குடியுரிமை இவற்றைத்தான் பார்ப்பார்கள். சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. மைகாட் அடையாள அட்டையில் ஏறும் சாரா என்ற அரசு உதவித் தொகையும் அரிசி, எண்ணெய் மாதிரிச் சாமான்களுக்குத்தான், ரயிலுக்குச் செல்லாது.

உங்களுக்குத் தோதானது மை50 பாஸ். 50 ரிங்கிட் கட்டினால் 30 நாளைக்கு எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேப்பிட் கேஎல் பஸ் எல்லாவற்றிலும் எத்தனை தடவையும் ஏறலாம். மைகாட்டையும், பணம் ஏற்றித் தட்டிப் பயணம் செய்யும் டச் அண்ட் கோ அட்டையையும் எடுத்துக்கொண்டு நிலையத்தின் வாடிக்கையாளர் சேவை முகப்பிடத்துக்குப் போனால், அந்த அட்டையிலேயே ஏற்றித் தருவார்கள்.

கணக்கைப் பாருங்கள். வீட்டருகே ‘டி’ எண் போட்ட இணைப்புப் பஸ்ஸுக்கு 1 ரிங்கிட். ரயிலுக்கு 2.60 என்று வைத்துக்கொள்வோம். போக வர 7.20. ஏழாவது நாள் வேலை முடிந்து வீடு திரும்பும்போதே 50.40 ஆகிவிடுகிறது. பாஸ் இல்லாமல் 26 நாள் போய்வந்தால் 187.20. இணைப்புப் பஸ்ஸில் மட்டுமே போய்வருகிறவருக்குக்கூட 25 நாளில் முதல் தேறிவிடும்.

சிக்கல் வேறு இடத்தில். வாரக் கூலி வாங்கும் வீட்டில் 50 ரிங்கிட்டை ஒரே நாளில் எடுத்து வைக்க முடிவதில்லை. அதனால் வங்கி அதிகாரி 50 கட்டுகிறார், துப்புரவுத் தொழிலாளி சில்லறையாக 187 கட்டுகிறார். சீட்டுப் பிடித்தோ கைமாற்று வாங்கியோ முதல் பாஸை எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வோம். அந்தக் கடன் ஏழு வேலை நாள் கட்டணத்திலேயே அடைந்துவிடும். மறு மாதப் பாஸுக்கு வாரம் 12.50 ஒதுக்கினால் போதும்.

கேள்வி: வெளிநாடுகளில் வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் போடுகிறார்களாமே?
— வாசகர், செந்தூல்

பதில்: ஆமாம். அமெரிக்காவின் சியாட்டலில் 2015 முதல் ஓர்கா லிஃப்ட் என்றோர் அட்டை இருக்கிறது. அந்நாட்டு வறுமைக்கோட்டைப் போல் இரண்டு மடங்குக்குள் வருமானம் உள்ளவர்களுக்குக் கட்டணம் 1 டாலர். நியூயார்க்கில் 2019இல் தொடங்கிய திட்டத்தில் பாதிக் கட்டணம். கனடாவின் கால்கரியில் மாதப் பாஸின் விலையே வருமானப் படிக்கு ஏற்ப மாறும்.

சியாட்டல் முறை நமக்குப் பிடித்திருக்கிறது. ஏறும்போதெல்லாம் குறைகிறது, மொத்தத் தொகை புரட்ட வேண்டியதில்லை. ஆனால் வருமானம் குறைவு என்பதற்கு ஏதாவது சான்று காட்டியாக வேண்டும். சம்பளச் சீட்டே இல்லாமல் வீட்டு வேலை செய்பவரும் ஒட்டுக்கடை வைத்திருப்பவரும் இடறுவது அங்கேதான். இங்கே அப்படியொரு திட்டம் வருமானால், ஏற்கெனவே எஸ்டிஆர் பட்டியலில் இருப்பவரிடம் இன்னொரு படிவம் நிரப்பச் சொல்லக் கூடாது.

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. வாரம் இரண்டு முறை மருத்துவமனைக்குப் போகிறார். மை50 எடுக்கலாமா?
— வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: வேண்டாம். 60 வயது ஆன குடிமக்களுக்குப் பாதிக் கட்டணம். ஒரு வழிக்கு 2.60 என்றால் அவருக்கு 1.30, மாதம் எட்டு நாள் போய்வந்தாலும் 20.80தான். ஆனால் அதற்குரிய சலுகை அட்டையைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். சாதாரண டச் அண்ட் கோ அட்டையைத் தட்டினால் எந்திரத்துக்கு அவர் வயது எப்படித் தெரியும்? முழுக் கட்டணம்தான் போகும்.

கேள்வி: மை50 இருந்தும் கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் போனதற்கு அட்டையில் பணம் கழிந்துவிட்டது. ஏன்?
— வாசகர், கிள்ளான்

பதில்: நீங்கள் ஏறியது கேடிஎம் கொமூட்டர் என்ற புறநகர் ரயில். அது வேறு நிறுவனம். மை50 அங்கே செல்லாது. பத்துமலைக்குக் கொமூட்டரில் போகிறவர்களுக்கும் இதே கதைதான். அட்டையில் வேறு பணம் இருந்தால் கதவு திறந்துவிடும். அதனால் பலருக்கு மாதக் கடைசியில்தான் தெரியவருகிறது.

கேள்வி: அம்மாவிடம் சிவப்பு ஐசி (அடையாள அட்டை). அவருக்கு மை50 கிடைக்குமா?
— வாசகி, காஜாங்

பதில்: கிடைக்காது. சிவப்பு ஐசி நிரந்தர வசிப்பிடத்துக்கு உரியது. மை50 குடிமக்களுக்கு மட்டும். இந்த மண்ணிலேயே காலமெல்லாம் உழைத்தவர்களுக்கு இது வலிக்கும், உண்மைதான். அவர் செய்யக்கூடியது: காசு கொடுத்து டோக்கன் வாங்காமல் டச் அண்ட் கோ அட்டையைத் தட்டட்டும், அதில் கட்டணம் குறைவு. இணைப்புப் பஸ்ஸில் அவருக்கும் அதே 1 ரிங்கிட்தான்.

கேள்வி: கைப்பேசியில் டச் அண்ட் கோ இ-வாலட்டில் 30 ரிங்கிட் இருந்தும் பஸ்ஸில் அட்டை வேலை செய்யவில்லை.
— வாசகர், அம்பாங்

பதில்: இ-வாலட் ஒரு பை, அட்டை இன்னொரு பை. என்எஃப்சி (தொடாமலே தகவல் மாற்றும் வசதி) உள்ள புதிய வகை அட்டையாக இருந்தால் கைப்பேசியின் முதுகில் ஒட்டிவைத்துப் பணத்தை மாற்றலாம். கைப்பேசியிலும் அந்த வசதி வேண்டும். பழைய அட்டைக்கு நிலையத்திலோ கடையிலோதான் பணம் போட வேண்டும். ரேப்பிட் கேஎல் பஸ்ஸில் ஓட்டுநர் காசு வாங்க மாட்டார். வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாஸ் எடுத்த பிறகு ஒரு வாரம் தைப்பிங் போய்விட்டேன். அந்த நாட்களைத் திரும்பத் தருவார்களா?
— வாசகி, செராஸ்

பதில்: தரமாட்டார்கள். 30 நாள் என்றால் தொடர்ந்து 30 நாள். ஞாயிறும் உண்டு, பெருநாளும் உண்டு. தீபாவளிக்கு ஊருக்குப் போவதாக இருந்தால், பழைய பாஸ் முடிந்ததும் புதுப்பிக்காமல் திரும்பி வந்து வேலைக்குக் கிளம்பும் காலையில் எடுங்கள்.