பாடகி ஓய்ந்த பிறகும் பியானோ தொடர்கிறதே!

கேள்வி: மேற்கத்திய குரலிசையில் முதுகலை படிக்கிறேன். பட்டத்துக்காக ஒரு மணி நேரம் தனியாகப் பாட வேண்டும். ஷூபர்ட்டின் கிரெட்சென் பாடலோடு சேர்த்து அவருடைய இரண்டு பாடல்கள், ஷூமானின் 16 பாடல்கள் கொண்ட தொகுப்பான ‘டிஷ்டர்லீபே’ முழுவதும்; துணைக்கு பியானோ மட்டும். அது என் குரலை அமுக்கிவிடுகிறது. மூடியை அடைக்கச் சொல்லலாமா? பியானோ தனியாக வாசிக்கும்போது கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. ஜெர்மன் வரிகள் மறந்துவிடுமோ என்ற பயம் வேறு.
– ஒரு வாசகி

பதில்: மூடியை அடைக்க இப்போதே சொல்லாதீர்கள். பியானோவின் வளைவில் நிற்கும் உங்களுக்கு அது பெரிதாகத்தான் கேட்கும். ஒத்திகையில் உங்கள் ஆசிரியரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்துக் கேளுங்கள். அங்கேயும் குரல் அமுங்கினால், மூடியைச் சின்னக் கம்பில் நிறுத்திப் பார்க்கலாம்.

எனக்கு உறுத்தியது உங்கள் இரண்டாவது கேள்விதான். பியானோ வாசிக்கும் நேரத்தை உங்கள் முறைக்காகக் காத்திருக்கும் நேரமாக நினைக்கிறீர்கள். இந்தப் பாடல்களில் அது பக்கவாத்தியம் இல்லை. பாதிக் கதையை அதுதான் சொல்கிறது.

ஷூபர்ட் 1814-இல், 17 வயதில் எழுதிய கிரெட்சென் பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரெட்சென் என்ற பெண் ராட்டையில் நூல் நூற்கிறாள். பியானோவின் வலக்கை ராட்டையாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. காதலன் தந்த முத்தம் நினைவுக்கு வந்ததும் ராட்டை நின்றுவிடுகிறது. பிறகு தட்டுத்தடுமாறி மறுபடி சுற்றத் தொடங்குகிறது. அந்தத் தடுமாற்றத்தில் உங்களுக்கு ஒரு சொல்கூட இல்லை, ஆனால் எல்லோரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அடுத்த வரியை மனசுக்குள் தேடினால் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். நின்றுபோன ராட்டையை மறுபடி சுற்ற முயலும் பெண்ணாக அங்கே இருங்கள். கையைப் பற்றி யோசிக்கவே தோன்றாது.

‘டிஷ்டர்லீபே’யில் இது இன்னும் கடினம். 16-ஆவது பாடலில் நீங்கள் முடித்த பிறகு பியானோ ஒரு நிமிடத்துக்கும் மேல் தனியாக வாசிக்கும். 12-ஆவது பாட்டின் முடிவில் வந்த மெட்டு அங்கே திரும்பி வருகிறது. நீங்கள் தோளைத் தளர்த்தினால் போதும், யாராவது கைதட்டிவிடுவார்கள், அத்தனையும் பாழ். வாசிப்பவரின் கை கட்டைகளை விட்டு எழும்வரை அசையாதீர்கள்.

வரிகளுக்கு வருவோம். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளை உங்கள் கையெழுத்திலேயே ஸ்வரத்தாளில் எழுதுங்கள். அப்புறம் பியானோவை மட்டும் வாசிக்கச் சொல்லி, பாடாமல், அதே தாளத்தில் வரிகளைச் சொல்லிப் பாருங்கள். எந்த வாசிப்புக்குப் பின் எந்தச் சொல் என்று காது பிடித்துக்கொள்ளும். மேடையில் மறந்தாலும் நிறுத்தாதீர்கள், மெட்டை விடாமல் போங்கள். தாள் பியானோ வாசிப்பவர் முன்னால் இருக்கிறது; உங்களைப் பிடித்துக்கொள்வார்.

இரண்டாவது ஷூபர்ட் பாடல் எது என்று நீங்கள் எழுதவில்லை. ‘எர்ல்கோனிக்’ என்றால், நிகழ்ச்சியில் அதை எங்கே வைப்பது என்று பியானோ வாசிப்பவரிடமே கேளுங்கள். வலக்கை ஒரே ஸ்வரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டிய பாட்டு அது; மணிக்கட்டு வலி அவருக்குத்தான். இதெல்லாம் கடைசி வாரத்தில் பேசுகிற விஷயம் இல்லை. ஒத்திகை நாட்களை இப்போதே அவரோடு உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள்.