பழைய காரின் கோளாறைக் கண்டறிய மலிவான ப்ளூடூத் அடாப்டர் போதுமா, தனி மென்பொருள் தேவையா?

நீங்கள் காரின் ஆண்டைக் குறிப்பிடவில்லை. 2000ஐ ஒட்டி வந்த கார், டேஷ்போர்டில் ஏதோ ஒரு விளக்கு அணைய மறுக்கிறது, ஒர்க்‌ஷாப்பில் பெரிய தொகை சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் ஒரே ப்ளூடூத் அடாப்டரைத்தான் பரிந்துரைத்திருக்கிறார்கள். அவர்கள் யாரும் காரைப் பற்றி ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை என்பதால்தான் இந்தப் பதில்.

அடாப்டரைச் செருகும் 16 பின் சாக்கெட் காரில் இருப்பதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. எந்த ஸ்கேனரும் காரின் கோளாறைப் படிக்க உதவும் பொது முறையான ஓபிடி-2 அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இலும் டீசல் கார்களுக்கு 2004இலும்தான் வந்தது. அதற்கு முந்தைய கார்களில் அதே வடிவ சாக்கெட் இருந்தாலும், தயாரிப்பாளரின் சொந்த நெறிமுறை, அதாவது காரும் ஸ்கேனரும் பேசிக்கொள்ளும் தனி முறை, ஓடிக்கொண்டிருக்கக் கூடும். ஆகவே முதலில் டார்ச் அடித்து, சாக்கெட்டின் எந்தத் துளைகளில் உலோகம் இருக்கிறது என்று பாருங்கள். 4, 5 எர்த்; 16 பேட்டரி. 6, 14 இரண்டிலும் உலோகம் இருந்தால் பெரும்பாலும் கேன் என்ற புதிய தகவல் தொடர்பு முறை. அவை காலியாக இருந்து 7 மட்டும் இருந்தால் கே-லைன் என்ற பழைய முறை.

என்னிடம் உள்ளது 1999ஆம் ஆண்டின் ஜெர்மன் கார்; அதில் 7 மட்டும்தான். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரியத் தொடங்கியதும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சாதாரண ஸ்கேனரைச் செருகினார்கள். அது எதனோடும் தொடர்பு கொள்ளாததையே ஆதாரமாக எடுத்துக்கொண்டு, ஏபிஎஸ் கன்ட்ரோல் யூனிட்டே போய்விட்டது என்று தீர்ப்பளித்தார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. அந்தக் காலத்து ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் ஏபிஎஸ் யூனிட் பேசுவது கேடபிள்யூ 1281 என்ற நெறிமுறையில். அந்த மலிவான அடாப்டர்களின் மூளையான இஎல்எம்327 சிப்பில் அதற்கு இடமே இல்லை. கே-லைன் வழியே பேசும் ஒரு கேகேஎல் யூஎஸ்பி கேபிளை மடிக்கணினியில் இணைத்து, அந்தக் குழுமக் கார்களுக்கான விசிடிஎஸ்-லைட் மென்பொருளில் ஏபிஎஸ் பகுதியைத் திறந்ததும் யூனிட் உடனே பதில் தந்தது. பதிவுக் கட்டணம் செலுத்தாதவரை அந்த மென்பொருளில் சில வசதிகள் பூட்டப்பட்டிருக்கும். எனக்குத் தேவைப்பட்டது பூட்டப்படவில்லை.

நண்பர் ஓட்ட, நான் பக்கத்தில் அமர்ந்து நான்கு சக்கரங்களின் வேக அளவையும் பார்த்தேன். மூன்று எண்கள் 12, 13, 14 என்று சேர்ந்தே ஏற, பின்பக்க வலது சக்கரத்தின் எண் மட்டும் 0இல் நின்று, திடீரென்று தாவி, மறுபடி 0க்கு விழுந்தது. சஸ்பென்ஷன் அருகே வளையும் இடத்தில் அந்த சென்சாரின் ஒயர் உறை வெடித்து, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. யூனிட்டில் ஒரு குறையும் இல்லை. நான் மெக்கானிக் அல்ல, கேபிள் வாங்கியவரெல்லாம் மெக்கானிக் ஆகிவிடலாம் என்றும் சொல்லவில்லை; ஸ்கேனர் பேசாததற்கும் பாகம் பழுதானதற்கும் உள்ள வேறுபாட்டை, பணம் கேட்பவராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

எனவே, காரின் தயாரிப்பாளருக்கு உரிய மென்பொருளை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த மென்பொருளை எழுதியவர்கள் எந்த அடாப்டரைச் சொல்கிறார்களோ அதை வாங்குங்கள். ஃபோர்டு என்றால் ஃபோர்ஸ்கேன். அதிலும் சில மாடல்களில் இரண்டு கேன் தடங்களுக்கு இடையே மாறக்கூடிய அடாப்டர் வேண்டும். என்ஜின் விளக்கு மட்டுமே பிரச்சினை, காரும் மேலே சொன்ன ஆண்டுகளுக்குப் பிந்தையது என்றால் மலிவான அடாப்டரே போதும், ஆனால் அட்டையில் அச்சிட்ட இஎல்எம்327 பதிப்பு எண்ணை நம்பாதீர்கள். சந்தையில் கொட்டிக் கிடக்கும் ‘1.5’ என்ற பதிப்பை அந்தச் சிப்பின் அசல் நிறுவனம் வெளியிட்டதே இல்லை. அந்த நிறுவனமும் 2022இல் மூடப்பட்டுவிட்டது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்குப் பழைய வகை ப்ளூடூத் அடாப்டர் உதவாது. வைஃபை அல்லது பிஎல்இ (குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புது வகை ப்ளூடூத்) வகை வேண்டும்.

எதை வாங்கினாலும், எரர் கோடுகளை அழிக்கும் பொத்தானைத் தொடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். என்ஜின் கோடு பதிவான நொடியில் இருந்த வேகம், வெப்பநிலை போன்ற விவரங்களும் அதோடு சேர்ந்தே அழிந்துவிடும்.