குறைந்த ரேட் போட்டவருக்கே பூங்கா வேலையைக் கொடுத்தாக வேண்டுமா?

நகராட்சிப் பூங்கா டெண்டரில் குறைந்த ரேட்டைத் தள்ளிவிட்டு, நல்லா வேலை செய்பவருக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கவுன்சிலராகவோ குடியிருப்போர் சங்கத்திலோ இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொருவரும் ரேட் எழுதிக் கொடுத்த விலைக் கவரைப் பிரித்த பிறகு முடியாது. தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டு டெண்டர் சட்டப்படி, தகுதியான டெண்டர்களில் குறைந்ததைத்தான் ஏற்க வேண்டும். தரத்தை எஸ்டிமேட்டிலேயே எழுதியிருக்க வேண்டும்.

நான் பதினெட்டு வருடமாக நர்சரி நடத்துகிறேன். 2018 கஜா புயலில் மரமெல்லாம் போன ஒரு டெல்டா ஊரில் மறு வருடம் டெண்டர் வந்தது. 200 கன்று, ஒவ்வொன்றுக்கும் மூன்றடிக் குழி, செம்மண், தொழு உரம், ஒரு வருடப் பராமரிப்பு. நான் எஸ்டிமேட் ரேட்டுக்கே போட்டேன், இன்னொருவர் 28 பர்சென்ட் லெஸ். வேலை அவருக்குப் போனது. கிடைக்காத வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்பீர்கள். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை, அந்த ரேட்டில் யாராலும் மூன்றடி தோண்ட முடியாது. ஒன்றரை அடி தோண்டி மூடினார்கள், மூடிய குழியை யார் அளப்பது, செய்த வேலையின் அளவை எழுதும் எம் புக்கில் மூன்றடி என்றே ஏறியது. செம்மண்ணுக்குப் பதில் கொட்டிய வயல் மண்ணோடு கோரைக் கிழங்கும் வந்து, ஒரே மழைக்காலத்தில் பூங்காவில் தரைக்குப் போட்டிருந்த கொரியன் புல்லை மூடிவிட்டது. அப்புறம் காற்றில் சாய்ந்த ஒரு புங்கனைத் தூக்கிப் பார்த்தேன், வேர் பை வடிவத்திலேயே சுருண்டிருந்தது. பையில் ரொம்ப நாள் கிடந்த கன்று, மலிவாகக் கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தரத்துக்கு மார்க் போடலாமே என்பார்கள். மத்திய அரசு 2021-இல் சில வேலைகளுக்கு அப்படி அனுமதித்தது, தரத்துக்கு அதிகபட்சம் 30 சதவீத மார்க், மீதி விலைக்கு. பூங்காவுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து, மார்க் போடுவதும் மனிதர்கள்தானே. பணத்தைப் பிரித்துக் கொடுங்கள்: நட்டதும் பாதி, மீதியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயிரோடு நிற்கும் கன்றை எண்ணி. அதற்காக பில்லை வருடக்கணக்கில் இழுத்தடிக்காதீர்கள், தண்ணீர் லாரிக்காரர் கடன் சொன்னால் வர மாட்டார்.

இன்னொன்று, பிழைத்து வளர்ந்த மரத்திலும் ஆணி அடித்து விளம்பரத் தட்டி மாட்டுகிறார்களே, அதை ஏன் ஒருவரும் கேட்பதில்லை? மாதம் ஒரு நாள் நானே கொறடு எடுத்துப் போய்ப் பிடுங்குகிறேன்.

சரி, உங்கள் ஊரில் வேலை தொடங்கினால், குழியை மூடும் முன் டேப்போடு போய் நில்லுங்கள், ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள்.