கண்மாய்ப் பாசி: கேட்டதும் சொன்னதும்

மேலூர்ப் பக்கத்திலிருந்து: சித்திரையில் வெடித்துக் கிடந்த கண்மாயில், மழைத் தண்ணீர் நின்ற கொஞ்ச நாளிலேயே நூல் நூலாகப் பச்சைப் பாசி. எங்கிருந்து சார் வருகிறது?

பெரும்பாலும் அந்த மண்ணிலேயேதான் கிடந்திருக்கும். கையில் எடுத்தால் வழவழவென்று நழுவுகிறதா? அப்படியென்றால் ஸ்பைரோகைரா என்ற பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். கிளையே இல்லாத இழை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சைப் பகுதியான பசுங்கணிகம் நாடா போலச் சுருண்டு ஓடும். தண்ணீர் வற்றத் தொடங்கும் சமயத்தில் இரண்டு இழைகள் அருகருகே படுத்து, எதிரெதிர்ச் செல்களிலிருந்து குழாய் நீட்டி இணைந்துகொள்ளும். ஒரு இழையின் செல்லில் இருப்பதெல்லாம் ஊர்ந்து அடுத்த இழைக்குப் போய்விடும். நுண்ணோக்கியில் ஒரு வரிசை காலியாகவும் மறு வரிசை நிறைந்தும் தெரியும். நீந்திப் போகும் விந்தணு என்ற பேச்சே இதில் கிடையாது, எனக்கு இதில் பிடித்ததே அதுதான். இரண்டும் கலந்து சைகோஸ்போர் என்ற தடித்த சுவருள்ள வித்து உருவாகும். இழை செத்தாலும் அது காய்ந்த மண்ணில் தாக்குப்பிடிக்கும். முளைக்கும்போது, குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பிரிவு நடந்து நான்கு உட்கருக்கள் வரும். மூன்று அழிந்து, ஒன்றிலிருந்துதான் புது இழை.

உசிலம்பட்டி, பிளஸ் ஒன் மாணவி: எங்கள் ஊருணியில் இருப்பது சொரசொரப்பாக இருக்கிறது. அதுவும் ஸ்பைரோகைராவா?

இல்லைம்மா. கிளைவிட்டும் இருந்தால் கிளாடோஃபோரா என்ற வேறு பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் வழவழப்பு கிடையாது.

வண்டியூர்: காலையில் அடியில் கிடப்பது மதியம் மேலே மிதக்கிறதே?

வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜன் விடுகிறது. குமிழிகள் இழைகளுக்குள் சிக்கி மொத்தத்தையும் தூக்கிவிடும்.

திருமங்கலம்: பண்ணைக் குட்டை முழுக்கப் பாசி. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடட்டுமா அண்ணே?

அவசரப்படாதீங்க. ராத்திரியில் பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், அதனால்தான் விடியும்போது மூச்சுமுட்டல். மயில்துத்தம் மீனுக்கும் விஷம். தப்பிப் பிழைத்தாலும், செத்த பாசி மொத்தமாக அழுகும்போது மிச்ச ஆக்சிஜனும் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக வாரி வெளியே போடுங்கள், சாணம் உரம் போடுவதை நிறுத்துங்கள், ராத்திரியில் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓடட்டும். வாரியதைக் கரையிலேயே குவித்தால் மழையில் சத்தெல்லாம் திரும்பக் குட்டைக்கே வந்துவிடும்.

அதே மாணவி: பாசியை நம் ஊர்க்காரர்கள் யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?

ஏன் இல்லை? சென்னையில் பணியாற்றிய எம்.ஓ.பி. அய்யங்கார் 1932இல் ஃப்ரிட்ஷியெல்லா என்ற பச்சைப் பாசியை விவரித்தார். ஈர மண்ணில் வளர்வது. தரையில் படரும் இழையும் மேலே நிமிரும் இழையும் தனித்தனியாக உண்டு. பிரிட்டிஷ் பாசியியலாளர் ஃப்ரிட்ஷின் பெயரை அதற்கு வைத்தார்.