மாடி இருக்கையே கேளுங்கள்

கேள்வி: சண்முகானந்தா அரங்கில் கர்நாடகக் கச்சேரி கேட்டே வளர்ந்தவள் நான். இந்த செப்டம்பரில் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவைக் கேட்க ஆசை. என் காதுக்கு ஒட்டுமா?
- ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: தாராளமாக ஒட்டும், போய் வாருங்கள். 2006இல் தொடங்கிய மேற்கத்திய இசைக்குழு இது. வழக்கமாக பிப்ரவரி, செப்டம்பர் என்று வருடத்துக்கு இரண்டு சீசன். இடம் நரிமன் பாயிண்டில், என்.சி.பி.ஏ. என்ற தேசிய நிகழ்த்துகலை மையத்தின் ஜாம்ஷெட் பாபா அரங்கம்.

பத்து நிமிடம் முன்னதாகவே உட்கார்ந்துவிடுங்கள். விளக்கு மங்கியதும் ஓபோ என்ற குழல் ஒரே ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும். மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அதில் வந்து சேரும். தம்புரா கேட்டு வளர்ந்த உங்களுக்கு அந்த ஒரு நிமிடமே போதும், உடம்பு சிலிர்த்துவிடும்.

முதல் வரிசை டிக்கெட் வேண்டாம். அங்கே வயலின்கள் மட்டுமே காதை நிறைக்கும். மாடியில் ஒலி கலந்து வரும், மேடையில் பின்வரிசையில் வாசிப்பவர்களும் தெரிவார்கள். டிம்பனி என்ற பெரிய முரசுகளை வாசிப்பவரைக் கவனியுங்கள். மற்றவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் முரசின் தோல்மேல் காதை வைத்து, விரலால் மெல்லத் தட்டி, அடுத்து வரும் ஸ்வரத்துக்குச் சுருதி சேர்ப்பார். நம் மிருதங்கக்காரர் கல்லால் தட்டிச் சரிசெய்வாரே, அதே அக்கறைதான். எனக்கு அது பார்க்க அலுப்பதே இல்லை.

அப்புறம், கைதட்டல். சிம்பொனி என்ற நீண்ட இசைப்படைப்பு பெரும்பாலும் நான்கு பகுதி. பகுதிகளுக்கு நடுவில் வரும் அமைதியும் இசையில் சேர்த்திதான். குழுவைக் கையசைத்து வழிநடத்தும் நடத்துநர் கையை முழுக்க இறக்கிப் பின்னால் திரும்பும்வரை பொறுத்திருங்கள்.