அமாக்சிசிலின் பாக்டீரியாவை மட்டும் கொன்று நம் செல்களை ஏன் விட்டுவிடுகிறது?

அமாக்சிசிலின், பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்த ஆன்டிபயாடிக். தொண்டை, காது, நுரையீரலில் பாக்டீரியா தொற்று வந்தால் மருத்துவர்கள் அடிக்கடி எழுதித் தருவது.

இதன் உயிர்நாடி பீட்டா-லாக்டம் வளையம். மூன்று கார்பன், ஒரு நைட்ரஜன் சேர்ந்த சின்னச் சதுரம். அணுக்கள் இயல்பைவிட நெருக்கி வளைக்கப்பட்டிருப்பதால் எளிதில் உடையும். அதுதான் இதன் பலமே. பாக்டீரியா தன் செல் சுவரின் இழைகளைக் குறுக்கே பிணைக்க ஒரு நொதியை வைத்திருக்கிறது. வளையம் அந்த நொதியில் உடைந்து, அப்படியே ஒட்டிக்கொள்ளும். பூட்டுக்குள் சாவி முறிந்து மாட்டிக்கொண்டால் வேறு சாவி போடமுடியாதே, அந்த மாதிரிதான். சுவர் பலவீனமாகி, உள்ளழுத்தம் தாங்காமல் பாக்டீரியா வெடித்துவிடும். நம் செல்களுக்கு அப்படியொரு சுவரே கிடையாது. (பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடக்கூடாது, அது வேறு விஷயம்.)

சில பாக்டீரியாக்கள் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியால் வளையத்தை முன்கூட்டியே உடைத்துவிடும். கெட்டிக்காரக் கிருமிகள்! அந்த நொதியை முடக்கத்தான் சில மாத்திரைகளில் கிளாவுலானிக் அமிலமும் சேர்க்கிறார்கள்.

சளி, ஃப்ளூவுக்கும் இதைப் போட்டால் சீக்கிரம் குணமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அவை வைரஸால் வருபவை, வைரஸுக்குச் செல் சுவர் இல்லை, எனவே இந்த மருந்துக்கு அங்கே வேலையும் இல்லை.