அம்மா வீட்டுக்கு எட்டு கேமரா தேவையா?

கேள்வி: மயிலாடுதுறைப் பக்கம் சொந்த வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். வயது 68. நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். போன மாதம் பக்கத்துத் தெருவில் பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள். கடைக்காரர் எட்டு கேமரா, ரெக்கார்டர், வயரிங் எல்லாம் சேர்த்து 58,000 ரூபாய் சொல்கிறார். மாதம் 5,300 வீதம் 12 தவணையாகக் கட்டலாம், வட்டி பத்து சதவீதம்கூட இல்லை என்கிறார். அம்மாவின் 25 பவுன் நகை பீரோவில்தான் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: முதலில் அந்தப் பீரோவைப் பற்றிப் பேசிவிடுவோம். தினமும் போடுகிற சங்கிலி, வளையல் போக மீதி நகையை அம்மா கணக்கு வைத்திருக்கும் வங்கியின் லாக்கருக்கு மாற்றுங்கள். திருட்டோ தீ விபத்தோ நடந்தால், ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான் வங்கி பொறுப்பேற்கும். 2022 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கி விதி இது. வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். 25 பவுனுக்கு அது எந்த மூலைக்கு என்று தோன்றும். ஆனாலும் தனியாக இருக்கும் அம்மாவின் தலைமாட்டில் 25 பவுன் இருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்து தவணை. மொத்தம் 63,600 கட்டுகிறீர்கள்; கூடுதல் 5,600. அதை 58,000-ஆல் வகுத்துத்தான் பத்துக்கும் குறைவு என்கிறார். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறதே! அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி சுமார் 17.5 சதவீதம். இந்தக் கடன் வேண்டவே வேண்டாம்.

கேமரா இரண்டு போதும்: வாசலுக்கு ஒன்று, கொல்லைக்கு ஒன்று. வெளியில் மாட்டக்கூடிய வைஃபை கேமரா ஒன்று மூவாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். நாள் முழுக்கப் பதிவானால் சுமார் 20 ஜிபி ஆகும். 128 ஜிபி மெமரி கார்டில் ஆறு நாள் நிற்கும். அம்மா வீட்டில் இன்டர்நெட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் மாதம் 500 ரூபாய் என்று வைத்தாலும் மூன்று வருடத்தில் 18,000 ஆகிவிடும், கேமரா விலையைவிட அதிகம். அதையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். கரண்ட் போனால் ரூட்டரும் அணைந்துவிடும். இன்வெர்ட்டர் இல்லாத வீடென்றால் ரூட்டருக்கும் கேமராவுக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் அவசியம்.

என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒருவர் வீட்டில் திருட்டு நடந்து, போலீஸ் ரெக்கார்டரைத் திறந்தபோது நான்கு மாதமாக எதுவுமே பதிவாகியிருக்கவில்லை. ஹார்ட் டிஸ்க் எப்போதோ போய்விட்டிருந்தது, யாரும் பார்க்கவில்லை. அன்று அவர் முகத்தைப் பார்த்ததிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: ஞாயிற்றுக்கிழமைதோறும் ஐந்து நிமிடம், முந்தைய இரவின் பதிவை ஓட்டிப் பாருங்கள். என் வீட்டில் நடந்தது வேறு. இரவில் கேமராவைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். கண்ணாடிக்கு முன்னால் வலை கட்டி, விடிய விடிய போனில் எச்சரிக்கை மணி அடித்தது. வாரம் ஒருமுறை ஒட்டடை அடித்தால் போதும். ரொம்ப உயரத்தில் மாட்டினால் உச்சந்தலைதான் தெரியும். எட்டடி உயரம் சரியாக இருக்கும். கேமராவோடு வரும் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அம்மா கோலம் போடுவதை யாரோ எங்கிருந்தோ பார்ப்பார்கள். ஹாலிலும் ஒன்று வைக்க ஆசை வரும். அம்மா சம்மதித்தால் மட்டும் வையுங்கள், அது அவர் வீடு.

மிச்சமாகும் பணத்தில் கொல்லைக் கதவுக்கு இரும்புக் கிரில், நல்ல பூட்டு. கேமரா திருடனைக் காட்டும். அவனை நிறுத்துவது கதவுதான். அப்புறம் வீட்டுக் காப்பீடு. 2021-இல் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி தீ, வெள்ளம், புயலுக்கானது. அப்படி ஒரு பாதிப்பைத் தொடர்ந்து ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டுக்குத்தான் அதில் இழப்பீடு உண்டு. பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனியாகக் கவர் எடுக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

அம்மா உங்களிடம் வந்து தங்கும் நாட்களில், வீடு பூட்டியிருப்பதைக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு வரட்டும். பால் பாக்கெட்டையும் பேப்பரையும் நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.